மஞ்சள் பூவெல்லாம் ஆவாரம்பூவா? இலைக்காம்பின் 'காதை'ப் பாருங்க!

சேலத்திலிருந்து உளுந்தூர்பேட்டை போகும் நெடுஞ்சாலையில் ஆத்தூரைத் தாண்டினால் இடது கைப் பக்கம் கல்வராயன் மலை கூடவே வரும். சின்னசேலம் நெருங்கும்போது மரவள்ளி, மக்காச்சோளக் கொல்லைகளுக்கு நடுவில், ஏரிக்கரை, பாறைமேடு, ரயில் பாதையோரம் என்று எங்கெல்லாம் ஏர் படாத துண்டு நிலம் கிடக்கிறதோ, அங்கெல்லாம் இடுப்பளவு உயரத்தில் மஞ்சள் பூத்த புதர்கள் நிற்கும். அது என்ன செடி என்று யாரைக் கேட்டாலும் "ஆவாரம்பூ" என்றுதான் பதில் வரும்.

பெரும்பாலும் அது சரிதான். ஆனால் எல்லா நேரமும் இல்லை.

ஆவாரையின் சொந்தக்காரச் செடிகள் ஐந்தாறு, கிட்டத்தட்ட அதே மஞ்சளில், அதே ஐந்து இதழோடு பூக்கின்றன. அதில் ஒன்று வட இந்தியாவில் குழந்தைகளின் உயிரைப் பறித்திருக்கிறது. ஒன்று முதுமலைக் காட்டை விழுங்கிக்கொண்டிருக்கிறது. இன்னொன்று பேதி மருந்து. ஆவாரம்பூ டீ, ஆவாரம்பூ குளியல் பொடி என்று ரீல்ஸ் பார்த்துவிட்டு, வண்டியை ஓரம்கட்டி, கையில் கிடைத்த மஞ்சள் பூவைப் பறித்துப் பையில் போட்டுக்கொள்கிறவர்கள் இந்த வித்தியாசத்தைத் தெரிந்துகொள்வது நல்லது. பூவைப் பார்த்து மட்டும் இதைக் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் விஷயமே.

*முதலில் காது*

ஆவாரையின் தாவரவியல் பெயர் சென்னா ஆரிகுலாட்டா. 1753-ல் லின்னேயஸ் இதற்குக் காசியா ஆரிகுலாட்டா என்று பெயர் வைத்தார். காசியா பிற்பாடு சென்னா ஆனது. ஆரிகுலாட்டா மட்டும் மாறவில்லை. லத்தீன் மொழியில் அதற்குக் 'காது உள்ளது' என்று பொருள்.

அந்தக் காது எங்கே இருக்கிறது? பூவில் தேடாதீர்கள். இலைக்காம்பு கிளையில் ஒட்டுகிற இடத்தைப் பாருங்கள். அங்கே இரண்டு பக்கமும் சின்னக் காதுமடல் மாதிரி, பச்சையாக, வட்டமாக, அகலமாக ஒரு ஜோடி மடல் இருக்கும். பாடப்புத்தகத்தில் இதை இலையடிச் செதில் என்பார்கள். நிறையச் செடிகளுக்கு இது ஊசி மாதிரி இருந்து சீக்கிரமே உதிர்ந்துவிடும். ஆவாரைக்கு உதிராது, இலை இருக்கிற வரைக்கும் காதும் இருக்கும். பூக்காத மாதத்திலும், காய்க்காத மாதத்திலும், புதரின் எந்தக் கிளையை வளைத்துப் பார்த்தாலும் இந்த அடையாளம் கிடைக்கும். நம்ம ஊர்ச் சாலையோரம் சாதாரணமாகத் தென்படும் மஞ்சள் பூக்காரர்களில் இவ்வளவு பெரிய, உதிராத காதோடு நிற்பது ஆவாரை மட்டும்தான்.

அடுத்தது இலை. நடு ஈர்க்கின் இரு பக்கமும் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக அடுக்கப்பட்டிருக்கும். எட்டிலிருந்து பன்னிரண்டு ஜோடி. ஒவ்வொன்றும் முனை மழுங்கிய நீள்வட்டம், சிலவற்றின் நுனியில் முடி மாதிரி ஒரு சின்ன முள். இலையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தால், ஜோடி சேரும் ஒவ்வொரு இடத்திலும் குண்டூசித் தலை போல ஒரு சுரப்பி நட்டுக்கொண்டு நிற்பது தெரியும். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எறும்பைப் பற்றிப் பேசும்போது தேவைப்படும்.

பூ, கிளை நுனியில் கொத்தாக வரும். ஒவ்வொன்றும் கிட்டத்தட்ட 5 சென்டிமீட்டர் அகலம். காய் தட்டையாக இருக்கும். முற்றி நெற்றாகும்போது பழுப்பு நிறத்தில் காகிதம் போல மெல்லியதாகிவிடும். விதை உட்கார்ந்திருக்கும் இடங்கள் மட்டும் வரிசையாக லேசாகப் புடைத்திருக்கும். காற்றடித்தால் சலசலக்கும்.

இன்னொரு துப்பு, இடம். ஆவாரை வெயில் விரும்பி. வறண்ட சமவெளியும் மலையடிவாரமும்தான் இதன் வீடு. சின்னசேலத்திலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணை வரைக்கும் நிறையப் பார்க்கலாம். அதற்கு மேல் வெள்ளிமலைப் பக்கம் ஏற ஏறக் குறைந்துவிடும். மேலே குளிர்ந்த காட்டுக்குள் மஞ்சள் பூ கண்டால், அது வேறு செடியாக இருக்கலாம் என்ற சந்தேகத்தோடு கிட்டே போங்கள்.

*பெயரில் பாதி, குணத்தில் எதிரி*

மழைக்காலம் முடியும்போது குப்பைமேட்டிலும் வேலியோரத்திலும் ஆவாரை மாதிரியே ஒரு செடி குப்பென்று எழும்பி நிற்கும். தமிழில் இதற்குப் பேயாவாரை என்று பெயர். பொன்னாவாரை என்றும் சொல்வார்கள். (பேய் என்றும் பொன் என்றும் ஒரே செடியைக் கூப்பிடுகிற ஊர் நம்முடையது!) சென்னா ஆக்சிடென்டாலிஸ் என்பது தாவரவியல் பெயர். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்து இந்தியா முழுக்கப் பரவிவிட்ட களை.

இதற்குச் சிற்றிலைகள் நான்கைந்து ஜோடிதான். ஒவ்வொன்றும் பெரியது, நுனி கூர்மையாக நீண்டிருக்கும். கசக்கினால் குப்பென்று நாறும். சுரப்பி ஒன்றே ஒன்று, அதுவும் காம்பின் அடியில். காதுமடல் கிடையாது. காய் காகிதம் போலத் தட்டையாக இல்லாமல், கொஞ்சம் தடித்து, மேல் நோக்கி வளைந்திருக்கும்.

இந்தக் காய்தான் வில்லன். உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களில் ஒவ்வொரு ஆண்டும் மழை முடிந்த மாதங்களில் சின்னக் குழந்தைகள் திடீரென்று வாந்தி எடுத்து, நினைவு தப்பி, ஓரிரு நாளில் இறந்துகொண்டிருந்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே ரொம்ப நாள் நினைத்தார்கள். பிஜ்னோரைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் விபின் வசிஷ்டா, வேலூர் சி.எம்.சி.யில் பணியாற்றிய வைரஸ் நிபுணர் ஜேக்கப் ஜான் உள்ளிட்டோர் 2007-ல் வெளியிட்ட ஆய்வுகள் வேறு கதையைச் சொல்லின. அது தொற்று இல்லை. கல்லீரல், தசை, மூளை மூன்றையும் ஒரே நேரத்தில் தாக்கும் நஞ்சு. விளையாடப் போன இடத்தில் குழந்தைகள் இந்தக் காயைப் பிரித்து விதையைத் தின்றிருக்கிறார்கள். 2016-ல் ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்தில் ஏறத்தாழ நூறு குழந்தைகள் இறந்தபோதும் முதலில் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றுதான் பேசப்பட்டது. சிலருக்கு அது இருக்கவும் செய்தது. ஆனால் பல மரணங்களுக்கு இந்தச் செடியின் விதையே காரணம் என்று ஜேக்கப் ஜான் தலைமையில் போன குழு சொன்னது.

ஆவாரை பூத்த ஊரில் சாவு ஏது என்று கேட்கிறது நம்ம ஊர்ப் பழமொழி. பக்கத்திலேயே பேயாவாரையும் பூத்திருந்தால் என்ன செய்வது என்று அது சொல்லவில்லை.

பேர் குழப்பம் இதோடு முடியவில்லை. நாட்டு மருந்துக் கடையில் நிலாவாரை என்று கேட்டால் கிடைப்பது சென்னா அலெக்ஸாண்ட்ரினா. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கம் சாகுபடி செய்து ஏற்றுமதியாகும் இலை. அது சுத்தமான பேதி மருந்து. 'ஆவாரை' என்று காதில் விழுந்ததை வைத்து நிலாவாரைப் பொடியை வாங்கி டீ போட்டுக் குடித்தால், அன்றைக்கு ஆபீஸ் போக முடியாது.

தகரை என்று இன்னொன்று உண்டு. முழங்கால் உயரம்தான் இருக்கும், மூன்றே ஜோடிச் சிற்றிலை, நுனிப் பக்கம் அகலம். காய் ஊசி மாதிரி ஒல்லியாக வளைந்திருக்கும். இதை ஆவாரை என்று நினைக்க நல்ல தூக்கக் கலக்கம் வேண்டும்.

*மரமாக இருந்தால் ஆவாரை இல்லை*

ஊட்டி, மசினகுடி, வயநாடு என்று டூர் போகிறவர்கள் காட்டுக்குள் மஞ்சளாய்க் குலுங்கும் மரங்களைப் பார்த்து "செம வியூ" என்று ஸ்டேட்டஸ் போடுவதுண்டு. அது சென்னா ஸ்பெக்டாபிலிஸ். அழகுக்காகவும் நிழலுக்காகவும் கொண்டுவரப்பட்ட அமெரிக்க மரம். முதுமலை, சத்தியமங்கலம், வயநாட்டுக் காடுகளில் இப்போது கட்டுக்கடங்காமல் பரவியிருக்கிறது. இதன் அடர்த்தியான நிழலில் புல் முளைக்காது. புல் இல்லாவிட்டால் மானுக்கு என்ன வேலை? வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளையாகத் துளிர்க்கும். அயல் தாவரங்களை அகற்றுவதற்காகத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வகுத்தது. வெட்டிய மரத்தைக் காகிதக் கூழுக்காக டி.என்.பி.எல். ஆலைக்கு அனுப்பும் ஏற்பாடும் நடந்தது.

ஊருக்குள் சாலையோரம் நிழலுக்காக வைத்த மஞ்சள் கொன்றை இன்னொரு சொந்தம், சென்னா சியாமியா. சரக்கொன்றையை எல்லோருக்கும் தெரியும், சரம் சரமாகத் தொங்கும். இவை எல்லாமே மரங்கள். ஆவாரை மரமாவதில்லை. அடியிலிருந்தே பல கிளையாகப் பிரிந்து புதராக நிற்கும். ஆள் உயரத்தைத் தாண்டுவது அபூர்வம்.

*தேன் கொடுக்காத பூவுக்கு ஏன் இவ்வளவு கூட்டம்?*

காலை வெயில் ஏறியதும் ஒரு ஆவாரைப் புதரின் பக்கத்தில் பத்து நிமிடம் சும்மா நில்லுங்கள். போனைப் பையில் போட்டுவிட்டு காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். கட்டைவிரல் பருமனில் கருவண்டு ஒன்று வரும். பறக்கும்போது அதன் சத்தம் அடித் தொண்டையில் முனகுவது மாதிரி இருக்கும். பூவில் உட்கார்ந்ததும் சத்தம் சட்டென்று மாறி, 'விர்ர்ர்' என்று கொஞ்சம் உச்ச சுருதிக்குப் போகும். பிறகு அடுத்த பூ, மறுபடி 'விர்ர்ர்'.

அந்த மாறிய சத்தத்துக்கு அர்த்தம் இருக்கிறது. ஆவாரம்பூவுக்குள் தேன் கிடையாது. கூலியாகக் கொடுப்பது மகரந்தம் மட்டும்தான். அதையும் சும்மா தூக்கிக் கொடுப்பதில்லை. மற்ற பூக்களில் மகரந்தப்பை நீளவாக்கில் பிளந்து தூளைக் கொட்டும். ஆவாரையின் மகரந்தப்பை பிளக்காது. நுனியில் மட்டும் ஓட்டை. சாப்பாட்டு மேசையில் இருக்கும் உப்புக் குப்பி மாதிரி, குலுக்கினால்தான் வரும். கருவண்டு அந்தப் பையைக் காலால் கவ்விப் பிடித்து, சிறகை அசைக்காமல், பறக்க உதவும் தசையை மட்டும் நொடிக்குச் சில நூறு முறை அதிர வைக்கிறது. அந்த அதிர்வில் மகரந்தம் பீறிட்டு வெளியே வருகிறது. நாம் கேட்பது அந்தக் குலுக்கலின் சத்தம்.

பூவிலும் ஒரு தந்திரம் உண்டு. மொத்தம் பத்து மகரந்தத்தாள். மேலே உள்ள மூன்று வெறும் ஒப்புக்கு. நடுவில் உள்ள குட்டையானவற்றைத்தான் வண்டு குலுக்கித் தன் குஞ்சுகளுக்குச் சாப்பாடு சேர்க்கிறது. அதே அதிர்வில் கீழே நீண்டு வளைந்திருக்கும் பெரிய தாள்கள், வண்டின் உடம்பில் அதன் கால் எட்டாத இடமாகப் பார்த்துத் தூளைப் பூசிவிடுகின்றன. துடைக்க முடியாத அந்தத் தூள்தான் அடுத்த பூவுக்குப் போய்ச் சேருகிறது. சாப்பாட்டுக்குத் தனி, கொரியருக்குத் தனி.

இந்தக் குலுக்கல் வித்தை எல்லாத் தேனீக்கும் வராது. பெட்டியில் வளர்க்கும் தேனீயும் மலைத்தேனீயும் இதில் தேறாது. சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும். கருவண்டுகளுக்கும், வயிற்றில் நீல வரி போட்ட நீலப்பட்டைத் தேனீ போன்ற சிலவற்றுக்கும்தான் இது கைவரும். இவை கூட்டமாகக் கூடு கட்டாதவை. கருவண்டு காய்ந்த கட்டையிலும் மூங்கிலிலும் துளை போட்டு ஒண்டியாக வாழும்.

'இதெல்லாம் பூச்சி விஷயம், நமக்கென்ன' என்று தோன்றலாம். கத்தரிப் பூவை எடுத்துப் பாருங்கள். அதன் மகரந்தப்பையிலும் நுனியில்தான் ஓட்டை. தக்காளியும் குலுக்கினால் நன்றாகக் காய்க்கிற ரகம். ஐரோப்பாவில் கண்ணாடிக் குடில்களில் தக்காளிக்காகவே 1980-களின் கடைசியிலிருந்து ஒரு வகைக் குலுக்குத் தேனீயை வளர்த்துப் பெட்டி பெட்டியாக விற்கிறார்கள். நம்ம ஊரில் அந்த வேலையைக் கருவண்டும் நீலப்பட்டைத் தேனீயும் பைசா வாங்காமல் செய்கின்றன. கத்தரி வருடம் முழுக்கத் தோட்டத்தில் இருக்காது. அது இல்லாத மாதங்களில் இந்த வண்டுகள் எதைத் தின்று உயிரோடு இருக்கும்? வரப்பிலும் ஏரிக்கரையிலும் கிட்டத்தட்ட ஆண்டு முழுக்க ஏதாவதொரு கிளையில் பூ வைத்திருக்கும் ஆவாரை, அதற்கு ஒரு முக்கியமான பதில். வரப்புப் புதரை மொத்தமாக மழித்துவிட்டு, 'கத்தரி பிஞ்சு பிடிக்கலையே' என்று டானிக் வாங்கி அடிக்கிற விவசாயி செலவை இரண்டு பக்கமும் பண்ணுகிறார்.

*இலையில் பிறக்கும் பயணிகள்*

பூவைவிட இலையில் நடக்கும் விஷயங்கள் இன்னும் சுவாரசியம். தகரை வெள்ளையன், கொன்னை வெள்ளையன் என்று இரண்டு பட்டாம்பூச்சிகள். எலுமிச்சை மஞ்சளும் பச்சை கலந்த வெள்ளையுமாக, நேர்கோட்டில், நிற்காமல் விரைந்து பறப்பவை. இவற்றின் புழுக்கள் எல்லா இலையையும் தின்னாது. கொன்றை, தகரை, ஆவாரை என்று இந்தக் குடும்பத்துக்குள்தான் சுற்றிச் சுற்றி வரும். தாய்ப் பூச்சி இளந்தளிராகப் பார்த்து, இரண்டு முனையும் கூம்பிய சின்ன வெள்ளை முட்டையை ஒவ்வொன்றாக நட்ட மாதிரி வைத்துவிட்டுப் போகும். புழு பச்சை நிறம், பக்கவாட்டில் வெளிர்க் கோடு; இலையின் நடு ஈர்க்கோடு ஒட்டிப் படுத்துக்கொண்டால் கண்டுபிடிக்கவே முடியாது. கூட்டுப்புழுவும் இலை மாதிரியே இருக்கும். குட்டியான மஞ்சள் பட்டாம்பூச்சி ஒன்று தரையை ஒட்டிப் படபடத்துப் பறக்குமே, புல் மஞ்சள் என்று, அதற்கும் இந்த இலை ஆகும்.

அந்த இரண்டு வெள்ளையன்களையும் ஆங்கிலத்தில் 'எமிகிரன்ட்' என்று அழைக்கிறார்கள். ஊர் விட்டுப் போகிறவர் என்று பொருள். பெருங்கூட்டமாக இடம்பெயரும் வழக்கம் இருப்பதால் வந்த பெயர். இலங்கையில் சிவனொளிபாத மலைக்குச் சிங்களத்தில் 'சமனல கந்த', அதாவது வண்ணத்துப்பூச்சி மலை என்றே பெயர். ஒவ்வொரு ஆண்டும் அந்தத் திசையில் கூட்டம் கூட்டமாகப் பறந்து போகும் பூச்சிகளில் இந்த வெள்ளையன்களும் உண்டு. மழைக்குப் பிறகு ஓடைக்கரை ஈரமண்ணில் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்து உப்பு உறிஞ்சுவதும் இவையே. கோமுகி ஆற்றோரம் அந்தக் காட்சியைப் பார்த்து போட்டோ எடுப்பவர்கள், அவை எந்த இலையைத் தின்று வளர்ந்தன என்றும் ஒரு தடவை சுற்றிப் பார்க்கலாம்.

'அப்போ செடியை எல்லாம் புழு தின்றுவிடாதா?' இப்போதுதான் அந்தக் குண்டூசித் தலைச் சுரப்பி. பூவில் கொடுக்காத இனிப்பை ஆவாரை இலையில் கொடுக்கிறது. சிற்றிலை ஜோடிகளுக்கு நடுவே சுரக்கும் அந்தச் சாற்றுக்காக எறும்புகள் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். கண்ணில் படுகிற இலை தின்னிகளைக் கடித்துத் துரத்துவதும் அவற்றின் வழக்கம். சம்பளம் கொடுத்து வாட்ச்மேன் வைத்த கதை. வாட்ச்மேன் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டுக் கொஞ்சம் புழு தப்பிக்கும். தப்பிய புழுவில் பாதியைக் கதிர்க்குருவியும் சின்னானும் தங்கள் குஞ்சுகளுக்குக் கொத்திக்கொண்டு போய்விடும். மிச்சம்தான் பட்டாம்பூச்சி.

ஆடு மாடு ஆவாரையைச் சாதாரணமாக மேயாது. மேய்ச்சல் கடுமையாக உள்ள பொட்டல் காட்டிலும் இது தாக்குப்பிடித்து நிற்க அதுதான் காரணம். அப்படி நிற்பதால் அதன் அடியில் ஒரு நிழல், கொஞ்சம் சருகு, ஆட்டு வாய்க்கு எட்டாத ஒரு மறைவு கிடைக்கிறது. கவுதாரியும் காடையும் பதுங்குவது அந்த மாதிரி இடத்தில்தான். பகலில் முயல் படுத்திருப்பதும் அங்கேதான். வேம்பு மாதிரியான மரக்கன்று தப்பி வளர்வதும் பல சமயம் இப்படி ஒரு புதரின் மடியில்தான்.

*பட்டைக்குப் போட்டி வந்த கதை*

மனிதர்கள் இந்தச் செடியைத் தெரிந்துவைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் பூக்களில் ஆவிரையும் ஒன்று. காதல் கைகூடாமல் மடலேறும் சங்க காலத் தலைவன் கழுத்தில் போட்டுக்கொள்வது ஆவிரம்பூ மாலை. தெலங்கானாவில் இதற்குத் தங்கேடு என்று பெயர். அதுதான் மாநில மலர், பதுக்கம்மா பண்டிகையில் அடுக்கடுக்காக வைப்பதும் அதுவே. நம்ம பக்கம் பொங்கலுக்கு முந்தின நாள் வேப்பிலை, சிறுபீளையோடு சேர்த்துக் காப்புக் கட்ட ஆவாரம்பூ வேண்டும்.

பணம் இருந்தது பூவில் இல்லை, பட்டையில். ஆங்கிலத்தில் இதைத் 'தோல் பதனிடுபவரின் காசியா' என்பார்கள். பட்டையில் உள்ள துவர்ப்புச் சத்து தோலைப் பதப்படுத்தும். சென்னை மாகாணத்திலிருந்து கப்பலேறிய பதனிட்ட மாட்டுத்தோலுக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கிக் கொடுத்தது ஆவாரம்பட்டை. முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் ராணுவ பூட்ஸுக்கு அந்தத் தோல் பெருமளவில் போனது. இந்த வேலைக்காகச் செடியை வெட்டிப் பட்டை உரிப்பது ஒரு கிராமத் தொழிலாகவே நடந்தது.

பிறகு தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் மரப்பட்டை மலிவாக வந்து இறங்கியது. ஆவாரம்பட்டைக்கு மவுசு போனது. பட்டைக்காகவும் விறகுக்காகவும் நீலகிரியிலும் பழனி மலையிலும் வாட்டிலை நட்டார்கள். அந்த வாட்டில் இன்று அங்கே சோலைப் புல்வெளிகளை மூடிக்கொண்டு, வனத்துறைக்குத் தீராத தலைவலியாக நிற்கிறது. இங்கேயே விளைந்த ஒரு புதரின் வேலையை வெளியூர் மரத்திடம் கொடுத்ததற்கு மலை கட்டிக்கொண்டிருக்கும் வட்டி அது.

*'தரிசு' என்று எழுதினால்*

ஆவாரை அழிந்துபோகும் பட்டியலில் இருக்கிற செடி இல்லை. ஆனால் அது நிற்கிற இடத்துக்கு மரியாதை இல்லை. மத்திய அரசின் நில வளத் துறையும் ஐதராபாத் தேசியத் தொலையுணர்வு மையமும் வெளியிடும் தரிசு நில வரைபடத் தொகுப்பில் அடர்ந்த புதர்நிலம், பரவலான புதர்நிலம் இரண்டுமே தரிசு என்ற தலைப்பின் கீழ்தான் வருகின்றன. காடு என்றால் காக்க ஆள் உண்டு, வயல் என்றால் சொந்தக்காரர் உண்டு. புதர்நிலம் என்றால் பிளாட் போடலாம், குவாரிக்குக் கொடுக்கலாம், ஜே.சி.பி. விட்டு 'சுத்தம்' செய்யலாம். நல்லெண்ணத்தோடு நடக்கும் மரம் நடு விழாக்களிலும் சில நேரம் இதே கதைதான்: முதல் நாள் ஆவாரை, காரை, சூரை எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, மறுநாள் குழி தோண்டிக் கன்று வைத்து போட்டோ எடுப்பார்கள். கருவண்டைப் பொறுத்தவரை அன்றைக்கு நடந்தது காடழிப்பு.

வழித்தெடுத்த இடத்தில் கன்று பட்டுப்போனால் காலியிடத்தைப் பிடிக்க சீமைக்கருவேலமும் உண்ணிச்செடியும் தயாராகக் காத்திருக்கின்றன.

*டீ குடிக்கலாமா?*

சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று நீரிழிவுக்கு ஒரு கூட்டு மருந்தே இருக்கிறது. இலங்கையில் ரணவரா டீ என்ற பெயரில் இந்தப் பூ பாக்கெட்டில் கிடைக்கும். அதனால் குடிக்கவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இலங்கை ஆய்வாளர்கள் 2004-ல் வெளியிட்ட ஆய்வில், வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபின் மருந்தோடு ஆவாரை டீ கொடுக்கப்பட்ட எலிகளின் ரத்தத்தில் அந்த மருந்தின் அளவு கூடியது. சர்க்கரை மாத்திரையோ வலிப்பு மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் குடிப்பதுதான் நல்லது. நெடுஞ்சாலை ஓரத்தில் புகையும் தூசியும் படிந்த பூவை டீக்குப் பறிக்காமல் இருப்பது அதைவிட நல்லது.

*போனில் எப்படிப் பிடிப்பது?*

செடியைக் காட்டினால் பெயர் சொல்லும் ஆப்கள் இப்போது எல்லார் போனிலும் உண்டு. மஞ்சள் பூவை மட்டும் காட்டினால் அவை 'ஏதோ ஒரு சென்னா' என்று நின்றுவிடும், அல்லது தைரியமாகத் தப்பாகச் சொல்லும். பூ, முழு இலை, காய் மூன்றுக்கும் ஒவ்வொரு படம். நான்காவதாக இலைக்காம்பு கிளையில் சேரும் இடத்தை நகம் அளவுக்கு நெருக்கத்தில் ஒரு படம். காது விழுந்த அந்தப் படம் இருந்தால் ஐநேச்சுரலிஸ்ட் மாதிரியான தளங்களில் தெரிந்தவர்கள் உடனே உறுதி செய்துவிடுவார்கள். இலையில் புழு இருந்தால் அதையும் எடுங்கள், தட்டிவிட வேண்டாம்.

பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் கிளையோடு முறிக்காமல் கொத்தை மட்டும் கிள்ளலாம். ஒரு செடியில் மொட்டும் காயும் மிச்சம் இருக்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டால் போதும்.

வீட்டு வேலியிலோ வரப்பிலோ வளர்க்க ஆசைப்பட்டால் நர்சரியைத் தேடி அலைய வேண்டாம். நெற்று காய்ந்து சலசலக்கும்போது நான்கைந்தைப் பறித்து விதையை உதிர்த்துக்கொள்ளுங்கள். விதைத்தோல் கல் மாதிரி இருக்கும், அப்படியே போட்டால் மாதக்கணக்கில் படுத்துக்கிடக்கும். கொதித்த வெந்நீரை இறக்கிவைத்து அதில் விதையைப் போட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் உப்பியிருப்பவற்றை மட்டும் எடுத்து, மழை பிடிக்கிற சமயத்தில் நேராக மண்ணில் விரல் மொட்டு ஆழத்தில் ஊன்றலாம். முதல் கோடை தாண்டும் வரைக்கும் எப்போதாவது தண்ணீர். அதற்குப் பிறகு அது உங்களிடம் எதுவும் கேட்காது. பக்கத்தில் காய்ந்த முருங்கைக் கட்டையோ மூங்கிலோ ஒன்றைக் கழிக்காமல் சாத்தி வைத்தால் கருவண்டு வீடு தேடி வரும்.